ஷெல்லா, இன்சுலேட்டடா? பனிச்சறுக்கு மேலாடை பற்றி ஓர் ஆய்வு

பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் சொல்வது, போகிற இடத்தில் எத்தனை டிகிரி குளிர் என்பதைத்தான். மைனஸ் பத்து என்றதும் தடித்த ஜாக்கெட் மேசைக்கு வரும். மைனஸ் இரண்டு என்றால் மெல்லியது வரும். இந்தப் பேச்சில் முக்கியமான கேள்வி ஒன்று விட்டுப்போகிறது: மலைமேல் எப்படி ஏறப்போகிறீர்கள்? நடந்து ஏறுகிறவர், மூடிய கொண்டோலாவில் போகிறவர், திறந்த நாற்காலி லிஃப்டில் காற்றில் தொங்கிக்கொண்டு போகிறவர் ஆகிய மூவருக்கும் ஒரே மலையில், ஒரே நாளில் வெவ்வேறு உடை வேண்டும். ஷெல் ஜாக்கெட்டா, இன்சுலேட்டட் ஜாக்கெட்டா என்ற நெடுநாள் விவாதம் தீராமல் இழுபடுவதற்குக் காரணம், இறங்குவதையே பார்த்துக்கொண்டு ஏறுவதை மறந்துவிடுவதுதான் என்று நினைக்கிறேன்.

ஷெல் என்பது காற்றையும் நீரையும் வெளியே நிறுத்தும் மேலுறை, அவ்வளவுதான். கையில் எடுத்தால் மழைக்கோட்டு போல இருக்கும். அதை மட்டும் போட்டுக்கொண்டு நின்றால் குளிரும். வெப்பம் வேண்டுமானால் அடியில் ஃப்ளீஸோ மெல்லிய தூவி ஜாக்கெட்டோ சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலேட்டட் ஜாக்கெட்டில் அந்த வெப்பக் காப்பு மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். போட்டவுடனே கதகதப்பு. வேண்டாத நேரத்தில் அதை மட்டும் தனியே கழற்ற வழியில்லை.

இரண்டும் இரண்டு வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. 1922-ல் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஃபிஞ்ச், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டு ஒன்றைக் கொண்டுபோனார். கம்பளியும் ட்வீடும் அணிந்திருந்த மற்றவர்கள் முதலில் அதைக் கேலி செய்தார்கள். உயரம் கூடக்கூட அவருடைய கோட்டை ஏக்கத்தோடு பார்த்தார்கள். சியாட்டிலில் எடி பாயர் தூவி ஜாக்கெட்டை வணிகப் பொருளாக்கி 1940-ல் காப்புரிமை பெற்றார். குளிர்கால மீன்பிடிப் பயணம் ஒன்றில் உடல் விறைத்துச் சாவின் விளிம்புவரை போன அனுபவமே அவரை அதில் இறக்கியது.

பனிச்சறுக்குக்கென்றே இப்படி ஓர் ஆடை தேவைப்பட்டதற்கு லிஃப்ட்தான் காரணம். 1936-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சன் வேலியில், உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் ஓடத் தொடங்கியது. யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி வரிசையை மனத்தில் வைத்து அதை வடிவமைத்தார். அதற்கு முன்னால் சறுக்க விரும்பியவர்களில் பெரும்பாலோர் நடந்தே ஏறினார்கள். ஏறும்போது உடம்பு சூடாகும். சூடான உடம்போடு இறங்குவார்கள். நாற்காலி வந்ததும் அசையாமல் உட்கார்ந்து, குளிர்ந்து விறைத்த உடம்போடு சரிவின் உச்சியில் இறங்க வேண்டியதாயிற்று. 1947-ல் ஆஸ்பனுக்கு வந்த பவேரியக்காரர் கிளாஸ் ஓபர்மயர் அங்கே சறுக்கு ஆசிரியராக இருந்தார். மெதுவாக ஊரும் ஒற்றை நாற்காலியில் மாணவர்கள் குளிர் தாங்காமல் பாடத்தைப் பாதியில் விட்டுப் போனார்கள். தன்னுடைய தூவி மெத்தைப் போர்வையை வெட்டி ஒரு ஜாக்கெட் தைத்தார் ஓபர்மயர். பின்னால் அவருடைய நிறுவனமே அந்த ஜாக்கெட்டின்மேல் வளர்ந்தது. இன்சுலேட்டட் சறுக்கு ஜாக்கெட் உட்கார்ந்திருக்கும் உடம்புக்காக வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஷெல்லின் வம்சம் வேறு. அது மலையேறிகளின் ஆடை. நடக்கிற உடம்பு வியர்க்கும்; வியர்வை வெளியேற வேண்டும்; மழையோ பனியோ உள்ளே வரக்கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரத் தரும் துணி நெடுங்காலம் கிடைக்கவில்லை. மெழுகு பூசிய பருத்தி நீரைத் தடுத்தது, கூடவே ஆவியையும் தடுத்தது. 1969-ல் அமெரிக்காவின் டெலவேரில், தந்தையின் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த ராபர்ட் கோர், சூடாக்கிய டெஃப்லான் கம்பிகளை மெதுவாக இழுத்து நீட்டப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அறுந்தது. சலித்துப்போய் ஒன்றைச் சட்டென்று வெடுக்கென இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. நீர்த்துளி நுழைய முடியாது, நீராவி வெளியேற முடியும். கோர்-டெக்ஸ் என்ற பெயரில் 1976-லிருந்து அது விற்பனைக்கு வந்தது. இன்றைய ஷெல்களில் பெரும்பாலானவை, எந்த நிறுவனத்துடையதானாலும், இப்படி ஒரு சவ்வை நம்பித்தான் இருக்கின்றன.

உடம்பின் கணக்கும் இதையே சொல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் வயதுவந்த ஒருவர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். சரிவில் முனைந்து சறுக்கும்போது அது ஐந்து முதல் எட்டு மடங்காகிறது. நடந்து ஏறுகிறவர் அதற்குக் குறையாமல் மணிக்கணக்கில் தொடர்ந்து எரிக்கிறார். லிஃப்டை நம்பிச் சறுக்குபவரின் நாளோ துண்டுதுண்டாக இருக்கும்: சில நிமிடம் கடும் உழைப்பு, பிறகு வரிசை, பிறகு நாற்காலி, மறுபடி உழைப்பு. மைனஸ் பத்தில் அசையாமல் இருப்பவருக்குத் தேவைப்படும் காப்பு, உழைத்துக்கொண்டிருப்பவருக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு. இந்த இரண்டு நிலைகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒற்றை ஆடை கிடையாது. எந்த நிலையில் அதிக நேரம் இருக்கிறோம் என்று பார்த்து, அதற்கு உடுத்திக்கொண்டு, மற்றதைச் சமாளிப்பதே நடைமுறை.

வியர்வையைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சரிவில் வேர்த்து நனைந்த உள்ளாடை, அடுத்த லிஃப்ட் பயணத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தடித்த ஜாக்கெட் போட்டும் பிற்பகலில் நடுங்குகிறவர்களில் பலருக்குக் குளிர் வெளியிலிருந்து வருவதில்லை. காலையில் அதிகமாக உடுத்தி வேர்த்ததன் விளைவு அது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் வழக்கம்போல் அடியில் பருத்தி பனியனும் காலில் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு போவது இதை இரட்டிப்பாக்கும். பருத்தி நனைந்தால் எளிதில் உலராது. மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ உள்ளாடையாக இல்லாவிட்டால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த ஜாக்கெட் போட்டும் பயனில்லை.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக் குளிர் அட்டவணைப்படி, மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் திறந்த தோல் மைனஸ் 20-ல் இருப்பதுபோல வெப்பத்தை இழக்கும். சறுக்கும் வேகமே அந்தக் காற்றை உண்டாக்கிவிடும். ஆனால் இந்த அட்டவணை திறந்த தோலுக்கானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றை முற்றாகத் தடுக்கும் துணி மேலே இருந்தால், கன்னத்துக்கும் மூக்குக்கும் உள்ள ஆபத்து மார்புக்குக் கிடையாது. மெல்லிய ஷெல்லுக்குள் சாதாரண ஃப்ளீஸ் இவ்வளவு வெப்பமாக இருப்பதன் காரணம் இதுதான். ஃப்ளீஸ் காற்றைப் பிடித்துவைக்கிறது, ஷெல் அந்தக் காற்றைக் கலையவிடாமல் காக்கிறது.

லிஃப்டின் வேகம் ஜாக்கெட்டை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கேபிளை விடாமல் பற்றிக்கொண்டே ஓடும் பழைய வகை நாற்காலி விநாடிக்கு இரண்டரை மீட்டர் அளவில் நகரும். ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். 1981-ல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் அறிமுகமான அதிவேக நால்வர் நாற்காலி வகை, விநாடிக்கு ஐந்து மீட்டர் போகும். அதே தூரத்துக்கு ஐந்து நிமிடம். ஆல்ப்ஸில் இப்போது காற்றுமறைப்புக் கூண்டும் சூடேற்றிய இருக்கையும் உள்ள நாற்காலிகள் ஏராளம். குளிரைப் பற்றி நாம் கேட்கும் அறிவுரைகளில் பல, இந்த வசதிகளுக்கு முந்தைய மலைகளில் உருவானவை.

இந்தியாவில் இதற்குச் சரியான களம் குல்மார்க். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1998-ல் தொடங்கிய கொண்டோலாவின் முதல் கட்டம் கோங்டூரி வரை கொண்டுபோகும். 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 4,000 மீட்டரை ஒட்டி இறக்கிவிடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில், ஊருக்கும் உச்சிக்கும் எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். உச்சியில் மரமில்லை, மறைப்பில்லை. காற்று பலத்தால் இரண்டாம் கட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஏறிப் போகும் பயணம் மூடிய கூண்டுக்குள். காற்று படாது. மேலே இறங்கியதும் காற்றைத் தடுக்கும் ஆடையே முதல் தேவை. அங்கிருந்து கீழே வர நீண்ட, உழைப்பு மிகுந்த இறக்கம். இந்த ஏற்பாடு முழுக்கவும் ஷெல்லுக்குச் சாதகமானது. உச்சியில் காத்திருக்க நேர்ந்தால் போட்டுக்கொள்ளப் பையில் ஒரு தூவி ஜாக்கெட் இருந்தால் போதும்.

அதே குல்மார்க்கில் புல்வெளிச் சரிவுகளில் முதல்முறை சறுக்கக் கற்கிறவரின் கதை வேறு. அவர் கொண்டோலாவுக்கே போவதில்லை. கனமான பூட்ஸோடு, ஸ்கீயைப் பக்கவாட்டில் வைத்து வைத்துச் சிறு மேட்டில் ஏறுவார், இருபது விநாடியில் இறங்குவார், விழுவார், எழுவார், மறுபடி ஏறுவார். தேர்ந்தவரைவிடத் தொடக்கக்காரருக்குத்தான் அதிகம் வேர்க்கும். அவரிடம் தடித்த ஜாக்கெட்டைக் கொடுத்து ‘குளிரும், போட்டுக்கொள்’ என்று சொல்வது தவறான அக்கறை. ஜிப்பைத் திறந்துவிட்டு வேர்க்க வேர்க்க ஏறுவார். விழும்போது திறந்த ஜாக்கெட்டுக்குள் பனி புகும். ஆசிரியர் அடுத்த பயிற்சியை விளக்கும் பத்து நிமிடத்தில் நடுங்குவார். காஷ்மீரத்தாரின் ஃபெரன் அங்கியும் அதற்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரித் தீச்சட்டியும் எவ்வளவு அருமையான குளிர்காப்பு என்பதை அங்கே ஒருநாள் தங்கினாலே உணரலாம். அவை உட்கார்ந்து பேசும் உடம்புக்கு ஏற்பட்டவை. மேடேறும் உடம்புக்கு அவற்றின் தத்துவம் உதவாது.

மற்ற மலைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கனடாவின் மேற்குக் கரையில் விஸ்லர், கடலுக்கு அருகே இருப்பதால் அடிவாரத்தில் மழையும் உச்சியில் பனியும் ஒரே நேரத்தில் பெய்வது சகஜம். அங்கே நீர் புகாத ஷெல் இல்லாமல் போவது வீண். ஜப்பானின் நிசெக்கோவில் பனி ஓயாமல் கொட்டும், மரங்களுக்கிடையே உழைத்துச் சறுக்க வேண்டியிருக்கும்; அங்கும் ஷெல்தான். கொலராடோவில் பனி உலர்ந்தது, வெயிலும் உண்டு, எதுவும் ஒத்துவரும். கியூபெக்கின் மோன் டிராம்பிளான்ட்டில் ஜனவரியில் மைனஸ் 20-க்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. அந்த உலர்குளிரில் திறந்த நாற்காலியில் போகிறவர் நல்ல இன்சுலேட்டட் ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுக்கமாட்டேன். வேர்ப்பதற்கு வாய்ப்பே குறைவான குளிர் அது.

விலைச்சீட்டில் இருக்கும் எண்கள் வாங்குகிறவரைக் குழப்பவே பயன்படுகின்றன. 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்பது நீர் ஊடுருவாமல் துணி தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம். பத்து மீட்டர் நீரின் அழுத்தத்தைத் தாங்கும் துணி என்றால் உலர்பனிக்குத் தாராளம். ஈரமான நாற்காலியில் உட்காரும் இடத்திலும், பைவார் அழுத்தும் தோளிலும்தான் அதற்கு மேல் தேவைப்படும். ஆவி வெளியேறும் அளவு, சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் என்று தரப்படும். இதை அளக்கப் பல முறைகள் உண்டு. ஒரே துணி ஒரு முறையில் ஓர் எண்ணும், இன்னொன்றில் இரு மடங்கும் காட்டும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிட்டு முடிவெடுப்பதில் பொருளில்லை. அக்குள் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். கை நீளத்துக்குத் திறக்கும் ஒரு ஜிப், எந்தச் சவ்வைவிடவும் வேகமாக ஆவியை வெளியேற்றும். எல்லாத் தையல்களும் உட்புறம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்கின்றனவா, ஹெல்மெட்டின்மேல் தலைமூடி வருகிறதா, இடுப்பில் பனித்தடுப்புப் பாவாடை இருக்கிறதா என்பவையும் எண்களைவிட முக்கியம்.

இன்சுலேட்டட் ஜாக்கெட்டில் ‘80 கிராம்’ என்று போட்டிருந்தால் அது முழு ஆடைக்குள் இருக்கும் காப்பின் எடை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் காப்பின் எடை அது. உடம்புக்கு 60 முதல் 80, கைகளுக்கு 40 முதல் 60 என்று வைப்பது வழக்கம். 100-க்கு மேல் போனால் மிகக் குளிரான இடங்களுக்கு. காப்பு, தூவியா செயற்கை இழையா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: சறுக்குவதற்கான மேலாடையில் செயற்கை இழையே சரி. எடைக்கு எடை தூவியே வெப்பம் மிகுந்தது, உண்மை. ஆனால் நனைந்தால் அது சுருண்டு கட்டியாகிக் காப்பை இழந்துவிடும். பிரைமாலாஃப்ட் என்னும் இழையை 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியதே, நனைந்தாலும் சூடு காக்கும் மாற்று வேண்டும் என்பதற்காகத்தான். தூவிக்குச் சிறந்த இடம் ஷெல்லுக்குள், அல்லது பைக்குள்.

மூன்றாவது வழி ஒன்றும் கடைகளில் உண்டு: ஷெல்லும் உள் ஜாக்கெட்டும் ஜிப்பால் இணைந்த, பிரித்தும் சேர்த்தும் போடக்கூடிய ஜாக்கெட். எண்ணம் நல்லது. ஆனால் விலை குறைக்க வேண்டி இரண்டு பாகங்களையும் சுமாராகச் செய்கிறார்கள். நல்ல ஷெல்லும் தனி ஃப்ளீஸும் வாங்கினால் அதே வேலை நடக்கும்.

கொண்டோலா விட்ட இடத்திலிருந்து நடந்து ஏறுகிறவர்கள், பாதுகாக்கப்பட்ட தடத்தை விட்டு வெளியே போகிறவர்கள் ஆகியோருக்கு விவாதமே இல்லை. ஷெல்தான். அஃபர்வத்தின் பெருஞ்சரிவுகள் பனிச்சரிவு ஆபத்து உள்ளவை. அங்கே போகிறவர், பனியில் புதைந்தால் இருப்பிடத்தைக் காட்டும் பனிச்சரிவு டிரான்ஸீவரை மேலாடைக்கு அடியில், உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். அடிக்கடி கழற்றும் ஜாக்கெட்டின் பையில் அதைப் போட்டுவைப்பது உயிருக்கு ஆபத்து.

குழந்தைகள் விஷயத்தில் என் முடிவு தலைகீழ். சுவிட்சர்லாந்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியின் குளிர்கால ஸ்கீ முகாமுக்குப் போகிறார்கள். பெற்றோரில் பலர் தாங்களே ஒருமுறையும் சறுக்கியிராதவர்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: பிள்ளைக்கு இன்சுலேட்டட் ஜாக்கெட்டே வாங்குங்கள். சிறிய உடம்பு வேகமாகச் சூட்டை இழக்கும். எப்போது ஃப்ளீஸைக் கழற்ற வேண்டும், எப்போது போட வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளை கவனித்துச் செய்யாது. கழற்றியதை எங்கோ விட்டுவிட்டும் வரும். அடுத்த ஆண்டு சிறிதாகிவிடும் ஆடைக்கு விலையுயர்ந்த மூவடுக்கு ஷெல் தேவையுமில்லை. அக்கா போட்டதைத் தம்பி போடட்டும். ஒரு மாற்றுக் கையுறை ஜோடியைப் பையில் வையுங்கள். பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் கை விறைத்துத்தான்.

ஷெல் வாங்குகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துணியின் மேற்பரப்பில் நீர் முத்தாக உருள்வது சவ்வினால் அன்று, மேற்பூச்சினால். அந்தப் பூச்சுக்கும் சவ்வுக்கும் பல்லாண்டுகளாகப் பயன்பட்ட ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் இப்போது விலக்கப்பட்டு வருகின்றன. கலிஃபோர்னியா 2025 முதல் துணிகளில் இவற்றுக்குத் தடை விதித்து, கடும் மழைக்கான ஆடைகளுக்கு மட்டும் சில ஆண்டு அவகாசம் தந்தது. கோர் நிறுவனமும் ஃப்ளோரின் இல்லாத புதிய சவ்வுக்கு மாறி வருகிறது. இது சரியான திசை. புதிய பூச்சுகள் எண்ணெயையும் வியர்வை அழுக்கையும் பழையவை அளவுக்குத் தாங்குவதில்லை என்பதால், ஷெல்லை அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் கெட்டுவிடும் என்ற பயம் தவறு. அழுக்கு படிந்தால்தான் கெடும். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடாது. மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு மீண்டும் உயிர்பெறும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. தடித்த இன்சுலேட்டட் ஜாக்கெட், திரும்பி வந்ததும் அலமாரியில் அடைந்து கிடக்கும். ஷெல், நீலகிரி மழைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை நடைக்கும் ஆகும். ஃப்ளீஸ் கொடைக்கானல் இரவுக்கு ஆகும். சென்னையின் ஐப்பசி மழையில் மட்டும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். உள்ளேயும் வெளியேயும் உள்ள ஈரப்பத வித்தியாசத்தில்தான் சவ்வு வேலை செய்கிறது. வெளிக்காற்றே நனைந்திருக்கும்போது வியர்வை ஆவி போக இடமிருக்காது.

ஆகவே, ஒரே ஒரு ஜாக்கெட் வாங்க முடிந்தவர் ஷெல் வாங்கட்டும், அடியில் ஃப்ளீஸ் போடுமளவு சற்றுத் தளர்வாக. கடையில் கையை உயர்த்தி, குனிந்து, உட்கார்ந்து பார்த்து எடுக்கட்டும். உலர்குளிரில் திறந்த லிஃப்டையே நம்பிச் சறுக்குகிறவரும், சிறு பிள்ளைகளும் இன்சுலேட்டட் அணியட்டும். வாழ்வில் முதல்முறையாகக் குல்மார்க் போகிறவரோ இரண்டையும் வாங்க வேண்டாம். வழியிலுள்ள டங்மார்கிலும் குல்மார்க்கிலும் மேலாடையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். அந்தப் பணத்தில் நல்ல கம்பளி உள்ளாடை, இரண்டு ஜோடி சாக்ஸ், நீர் புகாத கையுறை ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு பருவம் சறுக்கிப் பார்த்து, எதில் ஏறுகிறீர்கள், எங்கே வேர்க்கிறது, எங்கே குளிர்கிறது என்று தெரிந்த பிறகு ஜாக்கெட் வாங்குங்கள்.